தேங்க்யூ மிஸ்

இங்கன உக்காருங்க, ஃபேன் காத்து இந்த ஓரத்துக்கு மட்டுந்தான் வரும். எல்கேஜியா? பாத்ததுமே நெனச்சேன். மீட்டிங் பத்து மணின்னா பத்து மணிக்கே வந்து நிக்கீங்களே, அதுலயே புதுசுன்னு தெரிஞ்சுபோச்சு. என்னைவிடச் சின்னவளாத்தான் இருக்கே, தங்கச்சின்னே கூப்பிடுதேன், தப்பா எடுத்துக்கிடாதே. என் பேரு சண்முகவடிவு. ஆனா இங்க யாரும் கேட்டா ஷண்மதின்னு சொல்லு, பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். மார்க்கெட் ரோட்டுல எலெக்ட்ரிக் கடை இருக்குல்லா, வெளியில கலர் கலரா சீரியல் லைட்டு தொங்குமே, அது எங்க கடைதான். எம்மக வர்ஷிகா மூணாங்கிளாஸ் படிக்கா.

உக்காந்து உக்காந்து இடுப்பே விட்டுப்போச்சு. உள்ள போன அம்மா எப்பப் போனாக, இன்னும் வந்தபாடில்லை. பேசுதாக. பேசிக்கிட்டே இருக்காக. அப்படி என்னத்தைத்தான் பேசுவாகளோ தெரியல. முன்னெல்லாம் இந்தக் கூத்து கிடையாது தங்கச்சி. உள்ள போனமா, கையெழுத்துப் போட்டமா, தேங்க்யூ மிஸ்ஸுன்னமா, வெளியில வந்தமான்னு இருக்கும். அடுப்புல குக்கரை வச்சிட்டு வந்துகூடத் திரும்பிரலாம். அதையெல்லாம் கெடுத்துக் குட்டிச்சுவராக்குனது ஒரே ஒரு ஆளு. அந்தா, தண்ணி டிரம் பக்கத்துல நிக்கா பாரு, பச்சைச் சேலை, பெரிய வளையல். பாக்காதே, பாக்காதே! பைய ஓரக்கண்ணால பாரு. அவதான் பேச்சியம்மா, எங்க தெருக்காரிதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கறிக்கடை வச்சிருக்கா. அவளே வெட்டி, அவளே நிறுத்து, அவளே காசு வாங்கிப் போடுவா. அவ பேசுனா நாலு தெருவுக்குக் கேக்கும். இங்கயும் அதே சத்தம்தான்.

அவ வாரதுக்கு முன்னால இங்க எப்படி நடக்கும்னு சொல்லுதேன் கேளு. செவத்துல எழுதிப் போட்டிருக்காகல்லா, இங்கிலீஷ்லதான் பேசணும்னு. அது புள்ளைகளுக்கு மட்டுமில்லை, நமக்குந்தான். மிஸ் இங்கிலீஷ்ல கடகடன்னு சொல்லுவாக. நாம என்ன பண்ணணும்னா, வார்த்தையப் பாக்கக் கூடாது, மொகத்தைப் பாக்கணும். மிஸ் சிரிச்ச மொகமா இருந்தா தேங்க்யூ மிஸ். மொகம் கொஞ்சம் சுருங்குனா சாரி மிஸ், ஐ வில் டெல் மிஸ். சிரிக்காம சுருங்காம இருந்தா ஓகே மிஸ். அவ்ளோதான். இது நான் மட்டும் கண்டுபிடிச்சதில்லை, இந்த வராண்டாவுல உக்காந்திருக்கவுக முக்காவாசிப் பேரு இப்படித்தான் யுகேஜியில இருந்து ஓட்டிட்டு வந்தோம். ஒருத்தருக்கொருத்தர் தெரியும். ஆனா யாரும் யாரையும் கேட்டுக்கிடமாட்டோம். அது ஒரு மரியாதை.

என்ன சிரிக்கே? உனக்கும் வராதா? ஐயையோ, மெதுவாச் சொல்லு தாயி. கட்டுன சேலையும் மூக்குத்தியும் நல்லாத்தான இருக்கு, வாயைத் தொறந்து எதுக்கு அதைக் கெடுத்துக்கிடணும்?

சரி, கேளு. இந்தப் பேச்சியம்மா மகளை இந்த வருசம்தான் இங்க சேத்தா. முத்துச்செல்வி. எல்லாரும் புள்ளைக்கு வாயில நுழையாத பேரா வச்சிக்கிட்டிருக்கோம், இவ முத்துச்செல்வின்னு வச்சிருக்கா, அதையும் வாசல்ல நின்னு முழுசா நீட்டிக் கூப்பிடுவா. காலாண்டுப் பரீட்சை முடிஞ்சு மீட்டிங். எனக்கு முன்னால அவ. மிஸ் ஆரம்பிச்சாக. ரெண்டு வாக்கியந்தான் சொல்லியிருப்பாக. இவ கையைத் தூக்கி, "மிஸ், கோவிச்சுக்கிடாதீங்க, எனக்கு இங்கிலீஷ் வராது. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவ. எம்புள்ளையப் பத்தி எனக்கு வெளங்குத மாதிரி தமிழ்ல சொல்லுங்க"ன்னா.

எனக்கு மேலெல்லாம் கூசிப்போச்சு. அவளுக்குக் கூசலை, எனக்குக் கூசுது! ஒரு தயக்கம் வேண்டாம்? கொரலைக் கொஞ்சம் தாத்தி, ரகசியமாக் கேட்டுருக்கலாம்ல? கறி கால் கிலோ போதுமா அரைக் கிலோ வேணுமான்னு கேக்க மாதிரி சாதாரணமாக் கேக்கா.

மிஸ் வெளுத்து வாங்கப் போறாகன்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். அந்த மிஸ்ஸு என்ன செஞ்சுதுங்கே? ஒரு பெருமூச்சு விட்டுது. விட்டுட்டு, சேர்ல நல்லாச் சாஞ்சு உக்காந்து, "அப்பாடா, நானும் எட்டயபுரத்துக்காரிதான்க்கா, இந்த இங்கிலீஷை ராத்திரி எல்லாம் எழுதி மனப்பாடம் பண்ணிட்டு வாரேன்"னு சிரிச்சுது பாரு. அக்காவாம்! யுகேஜியில இருந்து நான் வந்து போறேன், எனக்கு ஒரு அக்கா கிடையாது. ரெண்டு பேரும் அப்படிப் பேசுதாக. புள்ள எப்படிச் சாப்பிடுதா, யாரு கூடச் சண்டை போடுதா, கணக்குல எங்க தடுமாறுதா, எல்லாம். அவ கேக்கா, மிஸ் சொல்லுது, அவ எதுத்துக்கூடப் பேசுதா, மிஸ்ஸும் ஆமாக்காங்குது. நான் பின்னால கையெழுத்துப் போடப் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன் மரம் மாதிரி.

அன்னையில இருந்து பிடிச்சுது இந்த வியாதி. அடுத்த மீட்டிங்குல ஆட்டோக்காரர் ஒருத்தர், "எனக்கும் தமிழ்லயே சொல்லிருங்க டீச்சர்"ன்னாரு. அவருக்குப் பின்னால ஜவுளிக்கடை அம்மா. அவுக வீட்டுல கார் நிக்கு தங்கச்சி! கார் வச்சிருக்கவுக, கொஞ்சங்கூடக் கூச்சமில்லாம, "எனக்குப் பாதிதான் புரியும் மிஸ், மீதி ஊகந்தான்"னு சொல்லிச் சிரிக்காக. அப்படியே ஒவ்வொருத்தரா. வராத அப்பாமாரெல்லாம் வர ஆரம்பிச்சாச்சு. அதனாலதான் இந்தக் கூட்டம், இந்தக் காத்திருப்பு. மீட்டிங்னா மீட்டிங்கா இருக்கணும். இது என்ன, சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி!

அதோட விட்டாளா? ஒரு மீட்டிங்குல பேச்சியம்மா கேக்கா, "எம்மக காலையில கொண்டுபோன தண்ணியை அப்படியே திருப்பிக் கொண்டாராளே, ஏன்?"னு. பொம்பளைப் புள்ளைக பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லையாம், அதுக்குப் பயந்துகிட்டு எல்லாப் புள்ளைகளும் சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கதில்லையாம். மிஸ்ஸு போன வருசமே எல்லா அம்மாகிட்டயும் சொன்னேன், எல்லாரும் ஓகே மிஸ்ஸுன்னு போயிட்டாகங்குது. அப்புறம் என்ன, இவ நாலு பேரைக் கூட்டிக்கிட்டு பிரின்சிபால் ரூமுக்கே போயிட்டா. அந்த வாரமே தாழ்ப்பாள் வந்துச்சு. நல்லதுதான், நான் இல்லைங்கல. எம்மகளும்தான் இப்பத் தண்ணி குடிக்கா. ஆனா அதை ஒரு ஒழுங்கு முறையாச் செய்யலாம்ல? எழுதிப் போடலாம்ல? இப்படி ஊரைக் கூட்டியா?

நான் தமிழ்ல கேக்கலையான்னு கேட்டே பாத்தியா, நல்லாக் கேட்டே. ஆமா, என்கிட்டயும் மிஸ் கேட்டுது. காலாண்டு மீட்டிங்குல, பேச்சியம்மா எந்திரிச்சுப் போனதும் நான் உக்காந்தேன். "மேடம், உங்களுக்கும் தமிழ்ல சொல்லட்டுமா?"ன்னு கேட்டுது. எல்லாரும் பாக்காக. பேச்சியம்மா வேற வாசல்ல நின்னு பாக்கா. நான் விடுவேனா? "நோ மிஸ், இங்கிலீஷ் ஓகே மிஸ்"ஸுன்னுட்டேன். அந்த வித்தியாசம் வேணும்ல? அவளும் நானும் ஒண்ணா?

மிஸ் மொகம் அன்னைக்குச் சுருங்கித்தான் இருந்துச்சு. ரொம்ப நேரம் என்னமோ சொல்லுச்சு. போர்டைக் காட்டுச்சு, கண்ணைக் காட்டுச்சு, நோட்டைக் காட்டுச்சு. சரி, போர்டைப் பாக்காம வேடிக்கை பாக்காபோல, எழுத மாட்டேங்காபோலன்னு வெளங்கிக்கிட்டேன். யாராயிருந்தாலும் அப்படித்தான வெளங்கிக்கிடுவாக? சாரி மிஸ், ஐ வில் டெல் மிஸ்ஸுன்னு வந்து, வீட்டுல வச்சு அவளை நல்லா நாலு போட்டேன். "போர்டைப் பாத்து எழுதுவியா, எழுதுவியா"ன்னு கேட்டுக் கேட்டுப் போட்டேன். புள்ள "தெரியலம்மா, தெரியலம்மா"ன்னு அழுதா. தெரியலைன்னா படிக்கணும்ட்டின்னு இன்னும் ரெண்டு போட்டேன்.

இதுல இன்னொரு கொடுமை கேளு. அதுக்கு முந்தின மீட்டிங்குல அதே மிஸ்ஸு அதே சங்கதியைத்தான் சொல்லியிருக்கு. ஆனா எப்படிச் சொல்லுச்சு? சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு தங்கச்சி! என் கையைத் தொட்டு, தலையைச் சாய்ச்சு, அப்படிப் பிரியமாச் சொல்லுச்சு. நான் என்னத்தைக் கண்டேன்? எம்மக ஃபர்ஸ்ட் வந்துட்டாபோலன்னு நெனச்சு, தேங்க்யூ மிஸ், வெரி தேங்க்யூ மிஸ்ஸுன்னு கும்பிட்டு, போற வழியில அவளுக்குக் கோன் ஐஸ் வாங்கிக் குடுத்தேன். ஒரு புள்ளைக்குக் கண்ணு தெரியலைங்கத சிரிச்சுக்கிட்டா சொல்லுவாக? சொல்லு, நீயே சொல்லு. மொகத்துல ஒரு வருத்தம் வேண்டாமா? அந்த மிஸ்ஸுக்கு ஒரு பொறுப்பு இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

ஆமா, கண்ணுதான். கேக்கணும்னு நெனச்சே, கேக்கலை, நானே சொல்லுதேன். அந்த முத்துச்செல்வியும் எம்மகளும் ஒரே பெஞ்சு. ஒரு நாள் சாயங்காலம் இந்தப் பேச்சியம்மா ரோட்டுல என்னை நிறுத்தி, "வடிவு, உம்மக போர்டைப் பாத்து எழுதலை, எம்மக நோட்டைப் பாத்துத்தான் எழுதுதாளாம். கண்ணைக் கொஞ்சம் காட்டிரு"ன்னா. நடுரோட்டுல! வடிவுன்னு! எனக்கு வந்துச்சு பாரு கோவம். எம்புள்ள காப்பி அடிக்கான்னு சொல்ல வாரியா, கறிக்கடைக்காரி எம்புள்ளையக் கொறை சொல்லுத அளவுக்கு வந்தாச்சான்னு கேட்டுட்டேன். கேட்டுத்தான் ஆகணும். அவ பதிலுக்குச் சண்டை போட்டாலாவது ஒரு மரியாதை. "சரி, கோவம் தணிஞ்சப்புறம் கூட்டிட்டுப் போ"ன்னுட்டு நடந்துட்டா.

நான் கூட்டிட்டுப் போகலை. எதுக்குப் போகணும்? போனா அவ சொன்னது சரின்னு ஆயிரும்ல?

அவ சும்மா இருந்தாளா? கல்யாண மண்டபத்துல யாரோ கண் முகாம் போட்டிருந்தாக. ஞாயித்துக்கிழமை தெருவுல வெளையாண்ட எம்மகளை, முத்துச்செல்வியோட சேத்து இவளும் வரட்டும்னு கூட்டிட்டுப் போயிட்டா. என்னைக் கேக்கலை. நேரா எங்க கடைக்குப் போயி, எங்க வீட்டுக்காரகட்ட, "அண்ணாச்சி, புள்ளைக்குப் பவர் ரொம்ப இருக்காம், பக்கத்து ஆளே மங்கலாத்தான் தெரியுமாம், ஒடனே கண்ணாடி வாங்கிப் போடுங்க"ன்னு சொல்லியிருக்கா. அவுக கடையைப் பாதியில அடைச்சிட்டு ஓடுனாக. கண்ணாடியும் வாங்கியாச்சு. ராத்திரி சோத்துக்கு முன்னால உக்காந்துகிட்டு என்னைக் கேக்காக, "இத்தனை மாசமா மீட்டிங் மீட்டிங்னு போனியே, மிஸ் ஒரு வார்த்தை உங்கிட்டச் சொல்லலையா?"ன்னு.

நான் என்ன சொல்ல? சொல்லலைன்னுட்டேன். மிஸ் சொல்லவே இல்லைன்னுட்டேன். ஒரு வகையில பாத்தா அது உண்மைதானே, எனக்கு வெளங்குத மாதிரி சொல்லலைல்லா? அவுகளுக்கு வந்துச்சு கோவம். "அடுத்த மீட்டிங்குல போயி அந்த மிஸ்ஸை நாக்கைப் பிடுங்கிக்கிடுத மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வா"ன்னு சொல்லியிருக்காக. அதுக்குத்தான் வந்திருக்கேன். இங்கிலீஷ்ல கேக்கணும்ல? காலையில இருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒய் மிஸ் நோ டெல் மிஸ். சரியா இருக்கா? ஆமா, உன்கிட்டப் போயிக் கேக்கேன் பாரு.

இதுல அவ செஞ்ச பெரிய திமிரு ஒண்ணு இருக்கு, அதை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. மறுநாள் எங்க வீட்டுக்கு வந்தா. எங்க வீட்டுக்காரக முன்ரூம்ல டிவி பாத்துக்கிட்டிருக்காக. இவ நேரா அடுப்பாங்கரைக்கு வந்து, கதவைப் பாதி சாத்திட்டு, பையச் சொல்லுதா, "மிஸ்ஸுகிட்டக் கேட்டேன் வடிவு. உங்கிட்ட ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்காக. இதை நான் அண்ணாச்சிகிட்டச் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். வராததை வரும்னு சொல்லிக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படுதே? எனக்குந்தான் வராது, அதனால என்ன கெட்டுப்போச்சு?"ன்னா. பாத்தியா? நாலு தெருவுக்குக் கேக்க மாதிரி பேசுதவ, என் வீட்டுல வந்து மட்டும் கொரலைத் தாத்துதா. எனக்கு அவ பாவம் பாக்காளாம்! காட்டிக்குடுத்திருந்தாக்கூட நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டா.

கண்ணாடியா? சோடா பாட்டில் அடி மாதிரி இருக்கு. இந்த வயசுல, அதுவும் பொம்பளைப் புள்ளைக்கு. மொத நாள் போட்டுக்கிட்டு வீட்டையே சுத்திச் சுத்தி வந்தா. "பல்லி அங்க இருக்கும்மா, காலண்டர்ல சாமிக்குப் பின்னால மயில் இருக்கும்மா"ன்னு ஒரே கத்தல். அப்புறம் என் பக்கத்துல வந்து, உத்துப் பாத்து, "அம்மா, உனக்குக் கன்னத்துல குழி குழியா இருக்கேம்மா"ங்கா. சின்னதுல அம்மை போட்டது. பவுடர் போடாம நான் வாசலுக்குக்கூடப் போகமாட்டேன், எட்டு வருசமா அவளுக்கே தெரியாது. கழட்டுட்டி அதைன்னேன். "நல்லாத்தாம்மா இருக்கு, எனக்கு இப்பத்தான் ஒன்னைய நல்லாத் தெரியுது"ங்கா. அவளுக்கு என்ன, சின்னப்புள்ள.

வகுப்புல போட்டுக்கிடட்டும், வேண்டாங்கல. ஆனா இன்னைக்கு எல்லா அம்மா அப்பாவும் வாராக. யாராவது ஒருத்தர், "ஏம்மா, எப்ப இருந்து? நீங்க கவனிக்கலையா?"ன்னு கேட்டா நான் எந்த மொகத்தை வச்சுக்கிட்டுப் பதில் சொல்ல? அதான் காலையில பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியிலயே கழட்டி என் பையில போட்டுக்கிட்டேன். ஒரு மணி நேரந்தானட்டி, பொறுத்துக்கோன்னேன். அழலை. "அப்ப மீட்டிங்குக்குப் பேச்சியம்மா அத்தை எனக்கும் அம்மாவா வரட்டும்"ங்கா. எப்படி இருக்கும் எனக்கு? பெத்தவ நான், ஓடி ஓடி ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வாரவ நான். ஒரு மீட்டிங் விட்டதில்லை தங்கச்சி. இவளுக்காகத்தான இந்தப் பள்ளிக்கூடம், இந்தப் பவுடரு, இந்த இங்கிலீஷ், எல்லாம்? நாலு பேரு முன்னால எம்மக தலை குனியக் கூடாதுன்னுதான நான் இவ்ளோ பாடுபடுதேன்?

அந்தா, கூப்பிட்டாச்சு. வர்ஷிகா வந்துட்டா வாசலுக்கு. இங்க அப்படித்தான், நம்ம முறை வந்தா புள்ளைதான் வெளியில வந்து அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். அழகா இருக்கால்லா? ரெட்டைச் சடை நான்தான் போட்டுவிட்டேன். நேரா நம்மளைத்தான் பாக்கா. கை காட்டுதேன் பாரு. வா, வா.

வரலை பாரு. பாத்துக்கிட்டே நிக்கா. இந்த அளவுக்குக் கையை ஆட்டுதேன், யாரோ எவரோங்கத மாதிரி நிக்கா. திமிரு. காலையில கண்ணாடியைக் கழட்டுனேன்ல, அதுக்குப் பழி வாங்குதா. எல்லாம் அந்தப் பேச்சியம்மா குடுக்க எடம். நான் கூப்பிடமாட்டேன். இத்தனை பேரு மத்தியில கத்துனா அந்தக் கறிக்கடைக்காரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வரட்டும், அவளா வரட்டும்.

எங்க போறா? ஏன் அந்த வரிசையில போறா? ஒவ்வொருத்தரா நிமிந்து நிமிந்து பாத்துக்கிட்டுப் போறா. பேச்சியம்மா வாயைத் தொறக்கா, கூப்பிடப் போறா... இல்லை, என்னைப் பாத்துட்டு மூடிக்கிட்டா. ஏன் என்னைப் பாக்கா?

ஐயோ, அது யாரு? அந்த மெரூன் சேலை அம்மா. நான் கட்டியிருக்க இதே கலருதான் அவுகளும். அவுக வெரலைப் பிடிச்சுட்டா. "வாம்மா, மிஸ் கூப்பிடுதாக"ன்னு இழுக்கா. சிரிக்காக எல்லாரும். அவுக குனிஞ்சு, "நான் உங்கம்மா இல்லை கண்ணு"ங்காக. வெரலை விட்டுட்டா. நடுவுல நிக்கா. இங்க பாக்கா, அங்க பாக்கா. நான் கை காட்டிக்கிட்டுத்தான இருக்கேன். இந்தா இருக்கேன். எதுத்தாப்புலதான இருக்கேன்.

தங்கச்சி. அவளுக்கு என்னையத் தெரியலை.

ஏட்டி வர்ஷி! அம்மா இங்க இருக்கேன்ட்டி! இங்க! சத்தம் வார பக்கம் பாரு! நகராம நில்லு, அம்மா வாரேன்! பாக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும். தங்கச்சி, இந்தப் பையைப் பிடி, உள்ள ஒரு நீல டப்பா இருக்கும். ஜிப்பு வேற மாட்டிக்கிட்டு வரமாட்டேங்கு, சவம். நீ தொற தாயி, சீக்கிரம் தொற. புள்ள தனியா நிக்கால்லா.